நான்கு வருடம் மரத்தடியில் நின்ற எம்எக்ஸ்-5: கையில் ஆயிரம் பவுண்டு, எங்கே தொடங்குவது?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். 1991ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், 800 பவுண்டுக்கு வாங்கி டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான்கு வருடம் மரத்தடியில் நின்ற வண்டி. கூரை முழுக்கப் பாசி, பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் கிழிசல், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கார்பெட் ஈரம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாது. இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஜம்ப் கேபிள் போட்டு ஒரு தடவை கிளப்பிப் பார்த்துவிடலாம் என்கிறார் மச்சான். சாக்கெட் செட்டும் ஜாக்கியும் உண்டு. இனி செலவழிக்க முடிந்தது 1,000 பவுண்டுதான். வண்டியைத் தாழ்த்த கொய்லோவரும் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர்) பெரிய அலாய் வீலும் போட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: ஜம்ப் கேபிளை இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய விஷயம் பெல்ட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. அந்த ஈரக் கார்பெட்தான். இந்த வண்டியின் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றுக்கும் பாகம் மலிவாகக் கிடைக்கும், வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். துரு மட்டும் அப்படியல்ல. உங்கள் ஆயிரம் பவுண்டு போதுமா போதாதா என்பதைக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முடிவு செய்யும். அதைப் பார்க்காமல் ஒரு பிளக் கூட வாங்க வேண்டாம்.

காரணம் இது. மடக்குக் கூரையில் விழும் மழைநீர் பின் ஓரத்தில் உள்ள வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் துளை வழியே ஒரு குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடி வண்டியில் இலைச் சருகும் மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிடும். நீர் வெளியே போக வழியில்லாமல் கார்பெட்டிலும் சில் பெட்டிக்குள்ளும் தேங்கும். சில் உள்ளிருந்து வெளியே அரிக்கும். பெயின்ட் குமிழ் விட்டு உங்கள் கண்ணில் படும்போது உள்ளடுக்கு போய்ப் பல நாள் ஆகியிருக்கும்.

கூரையை மடக்கி அந்தத் துளையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பழைய சைக்கிள் பிரேக் ஒயர் அல்லது புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு விட்டு மெதுவாகக் குத்தி எடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்க வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் அதைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

அடுத்து சில்லின் பின் கால்பகுதி, அதாவது கதவு முடியும் இடத்திலிருந்து பின் சக்கரம் வரை. அடியில் படுத்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் நான்கு விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். போன தகடு மொத்தென்று அமுங்கும், உள்ளே பொருக்கு உதிரும் சத்தம் கேட்கும். கீழ்விளிம்பின் மடிப்பைக் குறடால் லேசாக அழுத்திப் பாருங்கள். அண்டர்சீல் என்கிற கறுப்பு அடிப்பூச்சு புதிதாகப் பூசியிருந்தால் நிம்மதி அடையாமல் சந்தேகப்படுங்கள். உள்பக்கம் இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கி, சீட் பெல்ட் பொருத்திய இடத்தைச் சுற்றியும் பாருங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழந்திருந்தால் எம்ஓடி, அதாவது வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை, தேறாது.

வண்டியின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் பழைய எம்ஓடி வரலாறு இலவசமாக வரும். கடைசி நான்கைந்து சோதனையின் அறிவுரைக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். ‘சில் அரிப்பு, பலவீனமாகவில்லை’ என்று இரண்டு வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால், அதற்குப் பிறகு நான்கு வருடம் ஈரத்தில் நின்ற வண்டியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம்.

சில் போயிருந்தால் வெல்டிங் ஒரு பக்கத்துக்கு உத்தேசமாக 400 முதல் 600 பவுண்டு ஆகும். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அடுக்கு உண்டு. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, உள்ளடுக்கைச் சரிசெய்து, பிறகு வெளித்தகடு வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே புதுத் தகட்டை மூடி ஒட்டினால் இரண்டே வருடத்தில் மீண்டும் அதே இடம், அதைவிடப் பெரிய ஓட்டை. கார்பெட், இருக்கை, கதவோர பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீங்களே கழற்றிக் கொடுத்தால் கூலி குறையும். தீ விபத்துக்கும் இடமிருக்காது. இரண்டு பக்கமும் உள்ளடுக்கு வரை போயிருந்தால், என் யோசனை: இந்த வண்டியை உதிரிப் பாகத்துக்கு விற்றுவிட்டு, சில் நல்ல இன்னொன்றைத் தேடுங்கள். வருத்தமாக இருக்கும். ஆனால் ஆயிரம் பவுண்டை வெல்டிங்கில் முடித்துவிட்டு டயருக்குக் காசில்லாமல் நிற்பது அதைவிட வருத்தம்.

ஜாக்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சந்தேகமான சில் விளிம்பில் ஜாக்கி வைத்தால் தகடு நசுங்கும், வண்டி சரியும். முன்னால் சப்ஃபிரேமின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டகம்) குறுக்குச் சட்டம், பின்னால் டிஃபரன்ஷியலின் அடிப்பாகம், இந்த இரண்டு இடத்தில் தூக்கி, நான்கு ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் முதல் செலவு அதுதான்.

சில் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு எஞ்சினுக்கு வருவோம்.

நான்கு வருடம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய் இருக்காது. பிஸ்டன் ரிங் லேசாகத் துருவில் ஒட்டியிருக்கலாம். டேங்கில் இருப்பது வார்னிஷ் வாடை அடிக்கும் பழைய பெட்ரோல். இந்த நிலையில் மச்சான் சொன்னபடி செல்ஃப் அடித்தால், காய்ந்த சுவரில் ரிங் உரசும், பம்ப் அந்தக் கசண்டை இன்ஜெக்டர் வரை தள்ளிவிடும். ஒரு நாள் பொறுத்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்முனையில் தெரியும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 21 மி.மீ. சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகினால் வலுக்கட்டாயம் வேண்டாம், மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். எதிர்த் திசையில் சுற்றக்கூடாது, போல்ட் தளரும்.

அந்த போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சினில் கிராங்க் முனை குட்டையானது. போல்ட் சரியாக இறுகாவிட்டால், புல்லி நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டான சாவியும் அது உட்காரும் சாவித்தடமும் தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. உங்கள் வண்டி அந்தக் காலக்கட்டத்து விளிம்பில் இருக்கிறது. புல்லியின் நடுவில் நான்கு பிளவு தெரிந்தால் குட்டை முனை, எட்டு என்றால் பிறகு வந்த நீண்ட முனை. எஞ்சின் ஓடும்போது எதிரே நின்று புல்லியைப் பாருங்கள். தள்ளாடாமல் சுற்றினால் அந்த போல்ட்டைத் தொடவே வேண்டாம். எப்போதாவது கழற்ற நேர்ந்தால் புதுச் சாவி, சுத்தமான முனை, டார்க் ரெஞ்சில் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

பழைய பெட்ரோலை எடுக்க ஒரு சுலப வழி உண்டு. எஞ்சின் அறையில் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய சிறு பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து எஃப்/பி, ஜிஎன்டி இரண்டையும் ஒரு சிறு ஒயரால் இணைத்து இக்னிஷனைப் போட்டால் பெட்ரோல் பம்ப் ஓடும். பின் வலது சக்கரத்துக்கு முன்னால் அடியில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் ஃபில்டரில், உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, மூடியுள்ள பெட்ரோல் கேனுக்குள் விட்டு இறைத்துவிடலாம். வெட்டவெளியில், தீ எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஓட்டம் குறைந்ததும் நிறுத்துங்கள். காய்ந்து ஓடினால் பம்ப் போய்விடும். பிறகு புது ஃபில்டர், 10 லிட்டர் புதுப் பெட்ரோல். இந்த வயது வண்டிக்கு ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) வேண்டாம். ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. ஈ5 சூப்பர் போடுங்கள்.

பேட்டரியை ஊர்க்கடையில் கிடைத்ததை வாங்கி வைக்காதீர்கள். இந்த வண்டியில் அது டிக்கிக்குள் இருக்கிறது. அசலாக வந்தது அடைபட்ட வகை. அதன் வாயு இரண்டு சிறு குழாய் வழியே வெளியே போகும். சாதாரண பேட்டரி வைத்தால் அமில வாயு டிக்கிக்குள்ளேயே தங்கி, அடித்தகட்டைத் தின்றுவிடும். எம்எக்ஸ்-5க்கென்றே குழாய்த் துளையோடு விற்பதை 90 பவுண்டு அளவில் வாங்கி, குழாய்களை மறக்காமல் மாட்டுங்கள்.

இப்போது ஆயில், ஃபில்டர். 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் சுமார் மூன்றரை லிட்டர் பிடிக்கும், டிப்ஸ்டிக்கைப் பார்த்து முடியுங்கள். பிளக் இன்னும் வெளியிலேயே இருக்கட்டும். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டால் தீப்பொறியும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. பத்துப் பத்து நொடியாக, நடுவே இடைவெளி விட்டு, செல்ஃப் அடியுங்கள். உங்கள் வருட வண்டியில் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமான மீட்டர் (1995 முதல் வந்தவற்றில் அது வெறும் சுவிட்ச்). முள் எழுந்து நின்றால் எண்ணெய் மேலே ஏறிவிட்டது. அதே சமயம் கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் அளந்துவிடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் உடனே மனம் தளர வேண்டாம். ஒட்டிய ரிங் நூறு மைல் ஓடியதும் விடுபடுவதுண்டு.

பிளக் என்ஜிகே பிகேஆர்6ஈ-11, இடைவெளி 1.1 மி.மீ. பிளக் ஒயரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது இடித்து இடித்துப் போவதற்கு இந்த வண்டியில் முதல் காரணம் பழைய ஒயர்தான். இக்னிஷன் காயில்தான் போய்விட்டது என்று நினைத்துப் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள்.

கிளம்பியதும் மேலே டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். வால்வை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரில் எண்ணெய் வற்றியிருக்கிறது. ஓட ஓட அடங்கும். 500 மைலில் ஒரு முறை மீண்டும் ஆயில் மாற்றுங்கள், பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். டப்பாவில் விற்கும் மாய மருந்து எதுவும் வேண்டாம்.

டைமிங் பெல்ட். மாஸ்டா சொன்ன கணக்கு 60,000 மைல். வயதும் ஒரு கணக்கு. ஆனால் உங்கள் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. வண்டி நின்றுபோகும், எஞ்சின் உடையாது. எனவே வெல்டிங்குக்குப் பணம் போய்விட்டால் இதைச் சில மாதம் தள்ளலாம். வேறு பல எஞ்சினுக்கு இந்தச் சலுகை கிடையாது. செய்யும்போது பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல் இரண்டு என மொத்தமாகச் செய்யுங்கள், 110 பவுண்டுக்குள் அடங்கும். இரண்டு கேம் புல்லியின் ஐ, ஈ குறிகளுக்கு நடுவே பெல்ட்டில் 19 பல் வர வேண்டும். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்ப அதே இடத்தில் நிற்கின்றனவா பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள். ஒரு பல் தவறினாலும் வண்டி ஓடும், ஆனால் சோம்பலாக ஓடும். காரணம் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வடிந்திருந்தால், ‘கிராங்க் பின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்’ என்று எந்த கேரேஜ் சொன்னாலும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்னே சொன்ன கேம் ஆங்கிள் சென்சாரில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. அது காய்ந்து கல்லாகி, எண்ணெய் ஹெட்டின் முதுகு வழியே இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். விலை ஓரிரு பவுண்டு, ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். கழற்றும் முன் சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள், அதே கோட்டில் திரும்ப வையுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். பழுப்பாகிவிட்டதா? அது வெடிக்கத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறது. 90 பவுண்டுக்குப் புதிது கிடைக்கும். கூலண்ட் மொத்தம் 6 லிட்டர், பாதிக்குப் பாதி. வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

பிரேக்கில் கஞ்சம் கூடாது. பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் ஸ்லைடு பின்கள் கையால் நகர்கின்றனவா பாருங்கள். பின்பக்கத்தில்தான் அதிகம் இறுகும். சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்கள். பின் காலிப்பரின் பிஸ்டனை வெறுமனே அழுத்தித் தள்ள முடியாது. காலிப்பரின் முதுகில் ஒரு மூடி போல்ட் இருக்கும், அதன் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி போட்டுத் திருப்பித்தான் பின்வாங்க வேண்டும். பேட் மாட்டியபின் அதே சாவியால் இறுக்கி, சக்கரம் பிடித்ததும் மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். ‘ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை’ என்று எம்ஓடியில் தோற்கும் பல வண்டிகளில் இந்த ஒரு வேலையைத்தான் யாரும் செய்திருப்பதில்லை. டாட் 4 திரவம் ஒரு லிட்டர் வாங்கி, தெளிவாக வரும்வரை எல்லாச் சக்கரத்திலும் இறைத்துவிடுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் நீக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், 20 பவுண்டு.

கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், 2 லிட்டர். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5, முக்கால் லிட்டருக்கும் குறைவு. இரண்டிலும் நிரப்பும் மூடியை முதலில் திறந்துவிட்டு, அது திறந்தால் மட்டும் வடிக்கும் மூடியைத் தொடுங்கள்.

டயரில் பட்டன் ஆழம் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: ‘2314’ என்றால் 2014ஆம் வருடம் 23ஆம் வாரம். அவ்வளவு பழைய ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அது ரவுண்டானாவில் சுழற்றிவிடும். 185/60 ஆர்14, நான்கும் ஒரே வகை, 220 பவுண்டு அளவில். காற்று 26 பிஎஸ்ஐ.

கூட்டிப் பாருங்கள்: பேட்டரி 90, டயர் 220, பெல்ட் வகை 110, பிரேக் 120, எண்ணெய் திரவங்கள் 100, ரேடியேட்டர் 90, பிளக், ஒயர், பெட்ரோல் ஃபில்டர் 60, எம்ஓடி அதிகபட்சக் கட்டணம் 54.85. மொத்தம் 845 பவுண்டு. மீதி 155இல் பின் ஜன்னல் அடங்கும். அது ஜிப்பில் மாட்டுவதுதான், முழுக் கூரையும் மாற்றத் தேவையில்லை. ஒரு பக்கம் வெல்டிங் வந்தால் பெல்ட், ரேடியேட்டர் (கறுப்பாக இருந்தால்), ஜன்னல் மூன்றையும் தள்ளிவையுங்கள். டயரையும் பிரேக்கையும் தள்ளக்கூடாது. பாசியை மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான நீர், கார் ஷாம்பு கொண்டு தேய்த்தால் போதும். பிரஷர் வாஷர் தையலைப் பிரித்துவிடும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணாடிபோல் உடையும், ஜிப்பைத் திறந்து படுக்கவைத்த பிறகே கூரையை மடக்குங்கள்.

சட்டப்படி, வரி கட்டாத வண்டியை முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு மட்டும் ஓட்டிப்போகலாம். அப்போதும் காப்பீடு கட்டாயம். 1992 ஆகஸ்டுக்கு முன் பதிவான வண்டி என்பதால் புகைச் சோதனையில் உங்களுக்குத் தளர்ந்த வரம்பு: கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம். எஞ்சின் நன்கு சூடான பிறகு உள்ளே விடுங்கள். லண்டன் போகும் எண்ணம் இருந்தால் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான நகர வரி) நாள் கட்டணம் 12.50 பவுண்டைக் கணக்கில் வையுங்கள்.

கொய்லோவர், பெரிய வீல் பற்றி: இந்த வருடம் வேண்டாம். உங்கள் 14 அங்குல அசல் அலாய் ஒவ்வொன்றும் சுமார் ஐந்தரைக் கிலோதான். இந்த வண்டி சட்டென்று திரும்புவதற்கு அந்த லேசான வீலும் ஒரு காரணம். கனமான 17 அங்குலம் போட்டால் அந்தக் குணமே போய்விடும். மலிவு கொய்லோவர் ஆங்கிலக் கிராமச் சாலையில் குதிக்கும். அந்த ஆசைக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்யுங்கள். அதற்கு முன், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்களுக்கு ஒரு வாரம் தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அவை ரப்பர் புஷ்ஷுக்குள் இறுகியிருந்தால் அலைன்மென்ட் கடையில் எதுவும் நகராது, போல்ட்டை அறுத்து எடுக்கக் கேட்பார்கள். கோடையில் ஒரு வெயில் நாள் பார்த்து, சில் உட்புறம் நன்றாகக் காய்ந்தபின், ரப்பர் மூடித் துளைகள் வழியே கேவிட்டி வாக்ஸ் என்கிற துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர். அடித்து முடித்ததும் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் திறந்துவிட மறக்காதீர்கள்.